கரிசலில் கருக்கொண்ட லத்தீன் இலக்கணம்

1738ஆம் ஆண்டு தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. அது லத்தீனில் எழுதப்பட்டது, கற்றுக்கொடுத்ததோ தமிழை. அதுவும் புலவர் அவையில் ஓதுகிற செந்தமிழை அல்ல. சந்தையிலும் களத்துமேட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் நம் சனங்கள் பேசுகிற தமிழை. ‘கொடுந்தமிழ்’ என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. எழுதியவர் கான்ஸ்டன்சோ யோசேப் பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கிறவர். அச்சுக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1728இல், எழுதி முடித்துவிட்டார்.

தேம்பாவணி எழுதியவர், பரமார்த்த குருவையும் சீடர்களையும் நமக்குத் தந்தவர், சதுரகராதி தொகுத்தவர் என்றெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். இந்த லத்தீன் நூலைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அவருடைய மற்ற நூல்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது இதுதான். ரோமாபுரியின் மொழியைச் சின்ன வயதில் கசடறக் கற்ற ஒரு மாணவன், கோவில்பட்டிச் சீமையில் மறுபடி மாணவனாக உட்கார்ந்ததால் பிறந்த நூல் அது.

வெர்ஜில் பிறந்த சீமையில்

பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் தேதி வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். அருகிலிருக்கும் பெரிய நகரம் மாந்துவா. ரோமானியக் கவிகளில் தலையாயவர் என்று போற்றப்படும் வெர்ஜில் கி.மு. 70இல் பிறந்தது அந்த மாந்துவாவை ஒட்டிய சிற்றூரில்தான். பெஸ்கி உயர்பள்ளிப் படிப்பைப் படித்ததும் மாந்துவாவில், இயேசு சபையார் நடத்திய பள்ளியில். அங்கே எல்லாப் பாடமும் லத்தீனில்தான்.

அந்தப் பள்ளிகளை ஆண்டது 1599இல் இயேசு சபை வகுத்த கல்வித் திட்டம். முதலில் இலக்கண வகுப்புகள். அதற்கு மேல் இலக்கிய வகுப்பு. கடைசியில் சொற்கலை வகுப்பு. இலக்கணத்துக்கு 1572இல் போர்த்துக்கீசியர் மானுவல் ஆல்வாரெஸ் எழுதிய நூல். உரைநடைக்குச் சிசெரோ. வரலாற்றுக்குச் சீசர், சல்லஸ்ட், லிவி. கவிதைக்கு வெர்ஜில், ஹொரேஸ். வெர்ஜிலின் இனீயட் காவியத்தில் நான்காம் காண்டத்தை மட்டும் மாணவருக்குக் கூடாது என்று விலக்கிவைத்தார்கள். டிடோ அரசியின் காதல் கதை அதில் வருகிறது. வகுப்பை இரண்டு பாளையமாகப் பிரித்து ஒன்றுக்கு ரோம் என்றும் மற்றொன்றுக்குக் கார்த்தேஜ் என்றும் பெயரிட்டு, கேள்வி பதிலில் மோதவிடுவது அந்தப் பள்ளிகளின் வழக்கம். ஒருவன் சூத்திரத்தைத் தவறவிட்டால் எதிரணிக்காரன் எழுந்து திருத்துவான். மனப்பாடம், விளக்கம், போலச் செய்து பழகுதல், வாதம் என்று நான்கு படிகளில் ஒரு மொழி மாணவன் உடம்பிலேயே ஏறிவிடும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை. நிகண்டை மனனம் செய்ததும், நன்னூல் சூத்திரத்தை உருப்போட்டதும், அந்தாதி பாடிப் பழகியதும், சட்டாம்பிள்ளை முன்னால் ஒப்பித்ததும் இங்கேயும் நடந்தவைதாம். அங்கே உருவான மாணவன் இங்கே வந்தபோது பாடம் புதிது. படிக்கும் முறை புதிதல்ல.

1698இல் பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார். ரவென்னாவிலும் பொலோஞாவிலும் தத்துவமும் இறையியலும் படித்தார். 1709இல் குருப்பட்டம். மதுரை மறைப்பணிக்குப் போக அனுமதி வாங்கிக்கொண்டு லிஸ்பனில் கப்பலேறி, 1710 அக்டோபரில் கோவாவில் இறங்கினார். 1711இல் தமிழ் மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு வயது முப்பது.

காமநாயக்கன்பட்டி

கோவில்பட்டியிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது காமநாயக்கன்பட்டி. மதுரை மறைப்பணியின் பழைய நிலையங்களில் ஒன்று. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தே பிரிட்டோ நடமாடிய ஊர். ஆகஸ்ட் 15ஆம் தேதி பரலோக மாதா திருவிழாவுக்குத் தென் மாவட்டத்துச் சனம் இன்றும் திரண்டு வரும் ஊர். பெஸ்கி தமிழ்நாட்டில் கழித்த தொடக்க ஆண்டுகளில் இந்த ஊரும் கயத்தாற்றுப் பக்கமும் நெல்லைச் சீமையும்தான் அவருடைய களம்.

அன்றைக்குக் கோவில்பட்டியில் ரயிலும் இல்லை, ஆலையும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பாளையங்களாகப் பிரிந்து கிடந்த மானாவாரிச் சீமை. எட்டயபுரமும் கயத்தாறும் பேர் சொல்லும் இடங்கள். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். மழை பெய்தால் கரிசல் காலைக் கவ்வும். காய்ந்தால் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

வெர்ஜில் உழவைப் பற்றி நான்கு காண்டங்களில் ஒரு காவியம் பாடியிருக்கிறார். ஜார்ஜிக்ஸ் என்று பெயர். பயிர், மரம், கால்நடை, தேனீ என்று காண்டத்துக்கு ஒரு பொருள். இரண்டாம் காண்டத்தில் மண்ணைச் சோதிக்கும் விதம் வருகிறது. குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மிதித்துப் பார்க்கச் சொல்கிறார். மண் குழிக்குப் பற்றாமல் போனால் இளகிய மண், மிஞ்சினால் இறுகிய மண். கையில் பிசைந்து, விரலில் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கறுத்துக் கொழுத்த மண்ணைத் தானியத்துக்கு மெச்சுகிறார். எட்டயபுரத்துச் சம்சாரி ஒருவர் இதைக் கேட்டால் தன் பாட்டன் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார். வெர்ஜிலின் சீமையிலிருந்து கிளம்பிய ஒருவர் வந்து இறங்கிய தமிழ்நிலம், விரலில் ஒட்டும் அந்தக் கறுப்பு மண்ணாகவே அமைந்தது.

இந்தப் பக்கத்துக்கு ரோம் அதற்கு முன்பே அறிமுகம். கொற்கை முத்தும் சேரநாட்டு மிளகும் ரோமுக்குப் போயின. ரோமானியத் தங்கமும் வெள்ளியும் இங்கே வந்தன. தமிழ்நாட்டுப் புதையல்களில் அந்தக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்தார். பாண்டிய மன்னனின் தூது அகஸ்டஸ் பேரரசரிடம் வந்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ குறித்திருக்கிறார். அந்தப் பழைய உறவில் கைமாறியது சரக்கும் காசும். மொழியும் மொழியும் உட்கார்ந்து பேசிக்கொள்ள இன்னும் பதினேழு நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

பேச்சைக் கேட்ட காது

தமிழ்நாட்டில் முதல் ஆறு ஆண்டுகளைப் பெஸ்கி பெரும்பாலும் படிப்பிலேயே செலவிட்டார் என்பார்கள். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் கற்றதாகத் தமிழ் மரபு சொல்கிறது. வடமொழியும் தெலுங்கும் படித்தார். கரிசலில் தெலுங்கு வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் அன்றும் ஏராளம். தெருவுக்குத் தெரு மொழி மாறும் சீமையில் காது கூர்மையாவது இயல்பு.

நடுவில் உயிர்போகும் கண்டமும் வந்தது. 1714–15 வாக்கில் குருக்கள்பட்டியில் பிடிபட்டுச் சிறையிருந்தார். மரண தண்டனை வரை போய்த் தப்பினார். பிறகு வடக்கே நகர்ந்து, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை இருப்பிடமாக்கிக்கொண்டார். இலக்கண நூலை எழுதி முடித்தது அந்தக் கொள்ளிடக்கரைக் காலத்தில். ஆனாலும் ஒரு மொழியின் பேச்சு காதில் பதிவது முதல் சில வருஷங்களில்தான். அந்த வருஷங்கள் தென்சீமைக்கு உரியவை.

இந்த நூலுக்கு ஏன் அவசியம் வந்தது? வெளிநாட்டிலிருந்து வருகிற குரு ஒருவர் ஊருக்குள் போய்ப் பேசவேண்டும், நோயாளி படுக்கையருகே உட்கார்ந்து அவர் முனகுவதைப் புரிந்துகொள்ளவேண்டும், வழக்குத் தீர்க்கவேண்டும். நன்னூலைக் கரைத்துக் குடித்தாலும் இதற்கு உதவாது. புலவர்கள் இலக்கணம் எழுதியது செய்யுள் வழக்குக்கு. பேச்சு கற்கத் தேவைப்படாத ஒன்று என்று விட்டுவிட்டார்கள். கற்றவர் எளிதாகக் கடந்துபோகும் அந்தப் பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு, அதற்கும் சூத்திரம் வகுக்கலாம் என்று பெஸ்கி கருதினார். அவர் மேதைமையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

லத்தீனில் எழுதியதற்கும் காரணம் உண்டு. மறைப்பணிக்கு வந்தவர்களில் இத்தாலியர் இருந்தார்கள், போர்த்துக்கீசியர் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே மொழி லத்தீன். பள்ளியில் சிசெரோ படிக்காத குரு கிடையாது. அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப்போவதே ஆசிரியர் செய்யக்கூடியது.

இரண்டு சட்டகங்கள்

பெஸ்கிக்கு முன்னாலும் முயன்றவர்கள் இருந்தார்கள். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணக் குறிப்பு எழுதினார். தரங்கம்பாடியில் பணியாற்றிய லூத்தரன் குரு சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போன கப்பலிலேயே லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதி, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். பெஸ்கி அவர்களிடமிருந்து வேறுபடுவது, தமிழ் இலக்கண மரபின் உள்ளேயும் முழுமையாக இறங்கிப் படித்தவர் என்பதில்.

அதனால் அவர் கையில் இரண்டு சட்டகங்கள் இருந்தன. ஒன்று, நான்காம் நூற்றாண்டு ரோமாபுரி ஆசிரியர் டொனாட்டஸ், ஆறாம் நூற்றாண்டுப் பிரிஸ்கியன் முதலானோர் வழியாக ஆல்வாரெஸ் வரை வந்த லத்தீன் இலக்கணம். மற்றொன்று, தொல்காப்பியம் தொடங்கிப் பவணந்தியாரின் நன்னூல் வரை வந்த தமிழ் இலக்கணம்.

இரண்டும் எங்கே பொருந்தின, எங்கே முரண்டு பிடித்தன என்று பார்த்தால் அவர் செய்த வேலையின் கடினம் விளங்கும். லத்தீனில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், தமிழிலும் ஏற்கும். ஆங்கிலமோ பிரெஞ்சோ மட்டும் தெரிந்தவனுக்கு இது புது விஷயம். லத்தீன் மாணவனுக்குச் சொந்த வீட்டு விஷயம். ஆனால் லத்தீனில் ஐந்து வகைப் பெயர்கள் ஐந்து விதமாகத் திரியும். மாணவன் ஐந்து வாய்பாட்டையும் உருப்போட வேண்டும். தமிழில் மரத்துக்கும் மாட்டுக்கும் மன்னனுக்கும் உருபு ஒன்றே. லத்தீனில் மேசை பெண்பால். ஏன் என்று கேட்க முடியாது. தமிழில் பகுத்தறிவு உள்ளது உயர்திணை, மற்றது அஃறிணை. பொருளைப் பார்த்தாலே பால் தெரிந்துவிடும். லத்தீனில் ‘வந்த மனிதன்’ என்று சொல்ல இணைப்புப் பெயர் ஒன்றை வைத்துத் தனி வாக்கியமாக நீட்டுவார்கள். தமிழில் ஒரு பெயரெச்சத்தில் முடிந்துபோகும். வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கமோ இரண்டு மொழிக்கும் பிடித்தது. சிசெரோவின் நீண்ட வாக்கியங்களைப் படித்து, கடைசிச் சொல் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகியவருக்குத் தமிழின் நடை திகைப்பாக இருந்திராது.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கேயே சொல்லவேண்டும். பழைய வழக்கில் குற்றெகரத்துக்கும் குற்றொகரத்துக்கும் மேலே புள்ளி வைப்பார்கள். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பலரும் வைக்காமல் விட்டார்கள். எரியா ஏரியா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்கவேண்டும். பெஸ்கி நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஏ என்ற எழுத்தின் கீழ்க்கோடும், ஓ என்ற எழுத்தின் சுழியும், நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பும் நம் கைக்கு வந்தது அப்படித்தான். லத்தீன் எழுத்திலும் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஆனால் வெர்ஜிலின் செய்யுளை அசை பிரித்து ஓத, எந்த உயிர் குறில், எந்த உயிர் நெடில் என்று மாணவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். அந்தப் பயிற்சியில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்தின் இந்த இடர்ப்பாடு உடனே உறுத்தியதில் வியப்பில்லை.

போட்டியாளர் அச்சிட்ட புத்தகம்

1728இல் முடிந்த நூல் பத்தாண்டு கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அச்சேற்றியவர்கள் யார் என்பதுதான் விசேஷம். தரங்கம்பாடியில் இருந்தவர்கள் லூத்தரன் மறைப்பணியாளர்கள். பெஸ்கி கத்தோலிக்கர். இரு தரப்புக்கும் கடுமையான போட்டி. ஒருவரையொருவர் மறுத்து நூல் எழுதியவர்கள். லூத்தரன்களைக் கண்டித்து வேதவிளக்கம் முதலிய நூல்களைப் பெஸ்கியே எழுதியிருக்கிறார். இருந்தும் அவர் எழுதிய இலக்கணத்தை 1738இல் அந்த லூத்தரன் அச்சுக்கூடமே அச்சிட்டது. தமிழ் கற்க அதைவிட நல்ல நூல் தங்களிடம் இல்லை என்று எதிராளியே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பெஸ்கியின் மற்ற நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக உலகத்துக்குத் தமிழைத் திறந்துகாட்டின. செந்தமிழுக்கு லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார்; பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கிலமாக்கி 1822இல் சென்னையில் வெளியிட்டார். ஐந்திலக்கணத்தையும் தமிழிலேயே சொல்லும் தொன்னூல் விளக்கம் 1730 வாக்கில் வந்தது. அதே காலத்தில் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார், ஜி.யு. போப் 1886இல் தம் குறள் மொழிபெயர்ப்போடு அதையும் சேர்த்து அச்சிட்டார். 1732இல் சதுரகராதி. அதற்குப் பிறகு தமிழ்–லத்தீன் அகராதி. பரமார்த்த குரு கதையைப் பேச்சுத்தமிழ் சாயலில் எழுதி, அதற்கு லத்தீன் மொழிபெயர்ப்பும் தாமே செய்துவைத்தார். தமிழ் படிக்கும் ஐரோப்பிய மாணவனுக்கு அது வாசிப்புப் பாடம். 1822இல் லண்டனில் அதையும் பாபிங்டன் அச்சிட்டார். கொடுந்தமிழ் இலக்கணத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன; கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தமிழ் படித்த காலத்தில் அவை கைநூலாயின. 1747 பிப்ரவரி 4ஆம் தேதி பெஸ்கி மறைந்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலைகளில் அவருக்கும் ஒன்று.

கரிசலின் இரண்டாம் அகராதிக்காரர்

கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல். அங்கே 1923இல் பிறந்தவர் கி. ராஜநாராயணன். கரிசல் சனங்கள் பேசும் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். புலவர்கள் கொச்சை என்று ஒதுக்கியதை மொழியின் உயிர் என்று எடுத்துவைத்தார். பெஸ்கி வெளியிலிருந்து வந்து கேட்டார், கி.ரா. உள்ளிருந்து கேட்டார். இருவருக்கும் நடுவே இரண்டரை நூற்றாண்டு. பேச்சுத்தமிழுக்கு மரியாதை செய்ய ஒரே சீமையில் இருவர் கிடைத்தது கரிசலின் பெருமை என்றே சொல்வேன்.

காமநாயக்கன்பட்டிக் கோயிலிலும் 1960கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. பொருள் தெரியாமலே பதில் சொல்லிப் பழகிய பெரியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு மாறியது. அது நல்லது, மக்கள் மொழியில் மக்கள் வழிபடுவதே முறை. ஆனால் அதோடு லத்தீன் படிப்பும் நம்மிடையே தேய்ந்துபோனது. இன்று ஒரு தமிழ் முதுகலை மாணவர் பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணத்தை மூலத்தில் படிக்க விரும்பினால், அதற்கான லத்தீனைத் தமிழ்த்துறை கற்றுத்தருவதில்லை. மற்றவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்ததைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழன் எப்படிப் பேசினான், எந்தச் சொல்லை எப்படித் திரித்தான், யாரை எப்படி மரியாதையாக விளித்தான் என்பதற்கான சாட்சியங்கள் அந்த லத்தீன் பக்கங்களில் இருக்கின்றன. அவை ரோமாபுரியின் சொத்தல்ல, நம்முடையவை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தமிழ் முதுகலையில் ஒரு பருவமாவது லத்தீன் கற்பிக்கட்டும். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் எட்டயபுரத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். லத்தீன் என்றதும் அது எட்டாத தூரத்து மொழி என்று மலைக்காதீர்கள். எட்டு வேற்றுமையை அறிந்த உங்களுக்கு அதன் ஆறு வேற்றுமை பெரிய பாரமில்லை. முப்பது வயதில் உங்கள் ஊருக்கு வந்து உங்கள் தாத்தாக்களின் பேச்சைப் படித்தவர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிவைத்ததைப் படிக்கும் முறை இனி உங்களுடையது.